ஓட்டைக் குடம் யார்?

"படிப்பு வரவில்லை!"

வரவில்லையாம்! வருவதற்குப் படிப்பென்ன பருவமழையா, பத்தரை மணி இரயிலா? பயிர் முளைக்கவில்லை என்றால் உழவன் விதையைப் பார்க்கிறான், நிலத்தைப் பார்க்கிறான், நீரைப் பார்க்கிறான், தான் உழுத முறையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறான். பள்ளியில் மட்டும், பாடம் பதியவில்லை என்றதும், பிள்ளையின் மண்டையைச் சுட்டிக்காட்டிவிட்டு வேறெதையும் பாராமல் நகர்ந்துவிடுகிறார்கள். "இவன் தலையில் களிமண்" என்கிறது வகுப்பறை. "இவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கிறது வீடு. "இவன் சாதகத்தில் புதன் சரியில்லை" என்கிறான் சோதிடன். "இவன் குலத்துக்கு இதெல்லாம் எங்கே ஏறப் போகிறது?" என்று வாய்விட்டுச் சொல்ல இன்று அஞ்சுகிறவனும், மனத்துக்குள் அதைத்தான் சொல்லிக்கொள்கிறான்.

வாய் நான்கு, தீர்ப்பு ஒன்று! கூண்டிலே நிற்பதோ பத்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்காக வாதாட ஓர் அறிவியல் இருக்கிறது என்பதைக்கூட நம்மில் பலர் அறியோம்.

அறிதல் உளவியல் என்பது அதன் பெயர். மனிதன் ஒன்றை எப்படி அறிகிறான், அறிந்ததை எப்படி இருத்துகிறான், எப்படி மறக்கிறான், மறந்ததை எப்படி மீட்கிறான் என்பதை ஊகத்தாலன்றிச் சோதனையால் அளந்து பார்க்கும் துறை அது. அதன் சாட்சிகளுள் சிலரை இங்கே அழைக்கிறேன்.

ஆனால் முதலில் நம் வீட்டுச் சாட்சி ஒருவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி இயற்றிய நன்னூல், தன் பாயிரத்திலே மாணவரை மூன்று தரமாகப் பிரிக்கிறது. அன்னமும் ஆவும் போன்றோர் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றோர் கடை மாணாக்கர். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் முதலிடம் தரவில்லை. அதற்காகப் பவணந்தியைப் பாராட்டலாம். நாமோ கிளிக்கு மாலை போட்டோம். மாநில முதலிடம் என்றோம். நாளேட்டில் படம் போட்டோம். 2017இல் அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்திய பிறகும், தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் அந்தக் கிளிதான் சிரித்துக்கொண்டிருக்கிறது!

கிளி இருக்கட்டும். கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட அந்த ஓட்டைக் குடம்? ஊற்ற ஊற்ற ஒழுகுகிறதாம். "எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறான்" என்று இன்றும் நம் ஆசிரியர்கள் நொந்துகொள்கிறார்களே, அந்தப் பிள்ளைதான். இந்தக் குற்றச்சாட்டுக்கு மறுமொழி 1885ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் செர்மானியர், பொருளற்ற அசைகள் 2,300ஐத் தாமே உருவாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். கற்றதில் பாதிக்குமேல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே கழன்றுவிட்டது என்று அவர் கணக்குக் காட்டியது. படிப்பு வராத பிள்ளையல்லர் அவர். பெர்லின் பல்கலைக்கழகத்திலே பாடம் சொன்னவர்! ஒழுகுவது கடை மாணாக்கனின் குடம் மட்டுமன்று. மனிதக் குடம் எல்லாமே ஒழுகும் குடம்.

அவர் இன்னொன்றும் கண்டார். மறுநாள் ஒப்பிப்பதற்காக ஒரே நாளில் 68 முறை உருப்போட்டதால் கிடைத்த பயன், மூன்று நாள்களில் பரப்பி 38 முறை படித்தபோதே கிடைத்துவிட்டது. உழைப்பு கிட்டத்தட்டப் பாதி, பயன் அதுவே. நூற்று நாற்பது ஆண்டுகளாக இந்தச் செய்தி நூலகத்தில் இருக்கிறது. நம் பள்ளிகளோ இன்றும் ஜூன் மாதத்தில் நடத்தி முடித்த பாடத்தை ஜூலையில் மறந்துவிட்டு, தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளையை விழிக்க வைக்கின்றன. போதாக்குறைக்கு, எழுதப்போகும் பேனாவைப் பூசையில் வைத்து எடுக்கிறார்கள். பாடத்தை இடைவெளி விட்டு நான்கு முறை திரும்பப் பார்க்க நேரமில்லை. பேனாவுக்குக் குங்குமம் வைக்க நேரமிருக்கிறது!

அடுத்த சாட்சி சற்று விரிவாகப் பேச வேண்டியவர். அவர் சொல்வதில்தான் நம் வழக்கின் உயிர் இருக்கிறது.

நம் பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் திண்ணை, உள்ளே அறைகள். புதிதாக வருபவர் எவரும் முதலில் திண்ணையில்தான் உட்கார வேண்டும். மனமும் அப்படித்தான். கண்ணாலும் காதாலும் வரும் புதுச் செய்தி முதலில் வந்தமரும் திண்ணையைச் செயல்நினைவு என்பர். அங்கிருந்து உள்ளே சென்று தங்கும் அறை, நீண்டகால நினைவு. உள்ளறைக்கு எல்லை கண்டார் எவருமிலர். திண்ணையோ மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1956இல் ஏழு பேருக்கு இடம், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். நெல்சன் கோவன் 2001இல் அதையும் சுருக்கி, ஏறக்குறைய நான்கு பேர்தான் என்றார்.

194719671969 என்னும் எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டு வரலாறு அறிந்த இளைஞன் தயங்காமல் சொல்லிவிடுவான். 1947 விடுதலை, 1967 ஆட்சி மாற்றம், 1969 அண்ணாவின் மறைவு. அவனுக்கு விருந்தினர் மூவர்தாம். இதே எண்ணை அந்த ஆண்டுகளை அறியாத அயல்நாட்டுப் பேராசிரியரிடம் காட்டுங்கள். அவருக்குப் பன்னிரண்டு விருந்தினர், திண்ணையில் நெரிசல், பாதிப் பேர் தெருவில்! பேராசிரியரை மண்டு என்போமா?

சதுரங்க வல்லுநர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வில்லியம் சேசும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு பலகையை ஐந்தே நொடி காட்டி மறைத்தபோது, வல்லுநர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்தார்; புதியவர் சிலவற்றோடு நின்றுவிட்டார். ஆகா, பிறவி ஞாபகசக்தி என்று கைதட்டிவிடாதீர்கள்! காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டியபோது வல்லுநரின் மேன்மை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அவரிடம் இருந்தது தனியான ஒரு சக்தியன்று. ஆயிரக்கணக்கான ஆட்டங்களால் உள்ளறையில் சேர்ந்திருந்த சரக்கு.

இப்போது இந்த விளக்கை எட்டாம் வகுப்புக்குள் எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் ஒரு புதுச்சொல்லைச் சொல்கிறார். அதற்கு ஒரு குறியீடு எழுதுகிறார். ஒரு வாய்பாடு போடுகிறார். படம் ஒன்று வரைகிறார். எல்லாம் பத்தே நிமிடத்தில். முதல் வரிசைப் பிள்ளையின் வீட்டிலே நாளேடு வருகிறது, தந்தை பட்டதாரி, தாய் பாடம் சொல்கிறார், அந்தச் சொற்களில் பாதி அவன் உணவு மேசையிலேயே கேட்டவை. அவனுக்கு வந்த விருந்தினர் இருவர். கடைசி வரிசையில் இருப்பவன் செங்கற்சூளையிலிருந்து வந்தவன். அத்தனை சொல்லும் அவனுக்குப் புதிது. அவன் திண்ணை சிறியதன்று. அவன் வீட்டு வாசலில் மட்டும் கூட்டம் அதிகம்! ஆளுக்கு ஆள் திண்ணையின் அளவில் வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் "பிறவி அறிவு" என்று ஊர் வியப்பதில் பெரும்பங்கு தலைமுறைச் சொத்தாகச் சேர்ந்த சரக்கே என்பதைச் சொல்லாமல் விடமாட்டோம். நிலத்தை உயில் எழுதித் தருவதுபோல் சொல்லையும் சில வீடுகள் தந்துவிடுகின்றன. உயில் பெறாதவனைப் பார்த்து, உழைக்காதவன் என்கிறார்கள்.

இதற்கும் சான்று கேட்பீர்கள். கேட்க வேண்டும், சான்று கேட்பதுதானே நம் பழக்கம்! அமெரிக்காவிலே 1988இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இருவர் 64 பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தி ஒன்றைப் படிக்கத் தந்தனர். வாசிப்பில் வல்லவர், வாசிப்பில் பின்தங்கியோர், ஆட்டம் அறிந்தோர், அறியாதோர் எனப் பிள்ளைகள் நான்கு வகையினர். படித்ததைத் திருப்பிச் சொல்லச் செய்தபோது, ஆட்டம் அறிந்த "மந்தப்" பிள்ளைகள், ஆட்டம் அறியாத "சூட்டிகைப்" பிள்ளைகளை வென்றனர். அலங்காநல்லூர்ப் பிள்ளைக்கும் அடையாற்றுப் பிள்ளைக்கும் காளை அணைதலைப் பற்றிய பத்தியைத் தந்து பாருங்கள், யார் வெல்வார் என்று! ஆனால் வினாத்தாளில் காளை வருவதில்லை. விமான நிலையம் வருகிறது. பத்தியைத் தேர்ந்தெடுப்பவன் யார் என்பதில் வெற்றியும் தோல்வியும் பாதி முடிந்துவிடுகிறது.

"கணக்கு?" என்பார்கள். "கணக்கிலே பத்தியேது? அங்கே மூளைதானே பேசும்?"

அங்கேயும் பார்த்துவிடுவோம். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறார்களைப் பற்றிய ஆய்வு 1985இல் வந்தது. வண்டியருகே நின்று கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகளைத் தாளில் எண்களாக எழுதிக் கேட்டபோது நூற்றுக்கு 37! ஐந்து பேர்தானே என்று தள்ளிவிடலாம் என்றால், 2025இல் நேச்சர் இதழ் நம் நாட்டுச் செய்தியையே வெளியிட்டது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகள். ஆய்வாளர்கள் வாங்குவோராகச் சென்று, விலை கேட்டு, நோட்டை நீட்டி, மீதி கேட்டனர். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மனக்கணக்காகவே சரியாகச் சொன்னார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி முறையில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள். அருகிலிருந்த பள்ளிகளில் படித்த, சந்தை அறியாத 471 பிள்ளைகளோ நேர்மாறு: தாளில் ஓரளவு தேறினர், சந்தைக் கணக்கில் விழுந்தனர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! காலையில் காய்கறிக் கூடையருகே கணக்கனாக இருந்தவன், பத்து மணிக்குப் பள்ளி வாசலைத் தாண்டியதும் மண்டாகிவிடுகிறான். வாசற்படியிலா மூளையைக் கழற்றி வைத்தான்? அவன் உள்ளறையில் கணக்கு இருக்கிறது. தாளில் உள்ள குறிகளுக்கும் அந்தக் கணக்குக்கும் பாலம் போடும் வேலை பள்ளியுடையது. பள்ளி அதைச் செய்யவில்லை. "கால் கிலோ என்ன விலைக்குக் கொடுத்தாய்?" என்று தொடங்கி, அவன் வாயால் சொன்ன வழியைக் கரும்பலகையில் எழுதி, அதன்பின் பின்னத்துக்கு வந்திருந்தால் போதும். சந்தையைப் புகழ்ந்து பள்ளியைக் கைவிடச் சொல்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டா. வேலைக்குப் போகும் பிள்ளை பள்ளிக்கு வந்தாக வேண்டும். தாளிலுள்ள கணக்கையும் அவன் ஆண்டாக வேண்டும். "தொழிலிலேயே கணக்கு வந்துவிட்டதே, பள்ளி எதற்கு?" என்று 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் குலத்தொழில் என்ற திட்டத்தின் பின்னிருந்த குரலை நாம் மறந்துவிடவில்லை.

இனி நம்மைச் சுடும் ஒரு செய்திக்கு வருகிறேன். பகுத்தறிவு பேசும் நமக்கு நெருக்கமானது இது.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. கண்ணாடி அணிந்து கண்டு களித்தோர் உண்டு. அடுப்பை அணைத்து, கதவை அடைத்து, கருவுற்ற மகளை இருட்டில் இருத்திய வீடுகளும் உண்டு. அவற்றில் பட்டதாரி வீடுகள் இல்லையா? நிலவின் நிழல் விழும் படத்தைத் தேர்வில் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியவர்கள்தாமே அவர்கள்! எப்படி நேர்ந்தது இது?

வோஸ்னியாடு, ப்ரூவர் என்னும் இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. அமெரிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 60 பேரிடம் உலகம் எப்படி இருக்கும் என்று கேட்டனர். உருண்டை என்று சொன்ன பிள்ளைகளிடமே துருவிக் கேட்டபோது, ஒருவன் மனத்தில் வட்டத் தட்டு. இன்னொருவன் மனத்தில் உள்ளே மனிதர் வாழும் வெற்றுப் பந்து. வேறொருவனுக்கு உலகமே இரண்டு, வானத்தில் ஓர் உருண்டை, காலடியில் ஒரு தரை. பாடம் பழைய எண்ணத்தை வெளியேற்றவில்லை. அதன்மேல் வெள்ளை பூசிற்று. பிள்ளையின் மனம் எழுதப்படாத பலகையன்று. அங்கே ஏற்கெனவே ஒரு விளக்கம் குடியிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல வைத்து, அது எங்கே பொருந்தாது என்று அவனே காணும்படி செய்யாமல், புது விளக்கத்தை ஒப்புவிக்கச் செய்தால், தேர்வுத்தாளில் கலிலியோவும் அடுப்படியில் இராகு கேதுவும் சண்டையின்றி வாழ்வார்கள். நம் மேடைகளுக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் சிலர் சினப்பர். கைதட்டல் வாங்கிய பேச்சாளர் இறங்கிப் போய்விடுகிறார். கேட்டவர் மனத்தில் என்ன இருந்தது என்று எவரும் கேட்டதில்லை.

நெட்டுருவைக் குறை கூறினால், "அப்படியானால் மனப்பாடமே வேண்டாவா?" என்று பாய்கிறார்கள். வேண்டும்! வாய்பாடு நாவில் நிற்கும் பிள்ளைக்கு, பெரிய கணக்கைப் போடும்போது திண்ணையில் இடம் மிச்சமாகிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை விரல்விட்டு எண்ணுகிறவனுக்குக் கணக்கின் போக்கே நழுவிவிடுகிறது. நான் எதிர்ப்பது நினைவையன்று, பொருளறியா உருவேற்றலை. அதிலும் பதினோராம் வகுப்புப் பாடத்தையே மூட்டை கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பின் வினா விடையை ஈராண்டு அரைத்த அந்த மதிப்பெண் ஆலைகளை! அவற்றுக்குக் கடிவாளமிட 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொணர வேண்டியதாயிற்றே, அந்த வெட்கத்தை எங்கே சொல்வது?

அந்த ஆலைக்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே, மதிப்பெண் கணக்கிலேயே ஒன்று சொல்கிறேன். ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலார் 2006இல் வெளியிட்ட சோதனை: ஒரு குழு பத்தியை இருமுறை படித்தது. மற்றொரு குழு ஒருமுறை படித்து, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்க்கு 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்க்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர் 42க்கு விழுந்தனர். எழுதிப் பார்த்தவர் 56இல் நின்றனர். திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. நினைவிலிருந்து தோண்டி எடுக்கும் முயற்சிதான் வேரை இறக்குகிறது. மதிப்பெண்ணும் பிரம்பும் தரவரிசையும் இல்லாத அன்றாடச் சிறு சோதனை, கற்பதற்கே ஒரு வழி. நாமோ சோதனையை ஆண்டிறுதித் தூக்குமேடையாக மட்டுமே வைத்திருக்கிறோம்.

பவணந்தியும் இதை நெருங்கினார். ஆசிரியன் உரைப்பதைச் செம்மையாகக் கேட்டாலும் கால் பங்குதான் பற்றும். உடன் பயில்வோரோடு பழகுவதில் ஒரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதில் எஞ்சிய அரை என்கிறது அதே பாயிரம். உடனே, "பார்த்தீர்களா, எல்லாம் நம் முன்னோர் சொன்னதே!" என்று ஒரு கூட்டம் கிளம்பும். முன்னோர் கூர்ந்து நோக்கியதை ஏற்போம். எருமை என்றும் பன்னாடை என்றும் வைத்த பெயர்களைத் தள்ளுவோம். அளந்து பார்த்து எது நிற்கிறதோ அது நம்முடையது.

பழைய மூடத்தனம் போதாதென்று புதிய வணிகம் வேறு வந்திருக்கிறது. "நடுமூளையைத் தூண்டுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கலாம்" என்று பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பணம் பறித்தார்கள். பகுத்தறிவாளர்கள் மூக்கோரத்து இடைவெளியை அடைத்துக் கட்டியதும் வித்தை முடிந்தது. கண்ணால் கற்பவன், காதால் கற்பவன் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பப் பாடம் நடத்த வேண்டும் என்பதும் அத்தகையதே. அதற்குத் தக்க சான்றில்லை என்று 2008இலேயே உளவியலார் ஆய்ந்து அறிவித்துவிட்டனர். "ஆசிரியர் எதையும் சொல்லாதீர், பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்" என்னும் புதுமோகத்தையும் நான் நம்பவில்லை. சரக்கு நிறைந்த வீட்டுப் பிள்ளை கண்டுபிடித்துவிடுவான். மற்றவன் திண்ணை நெரிசலில் திக்குமுக்காடுவான். ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் ஆஸ்திரேலிய மாணவரிடம் கண்டது இது: இயற்கணிதம் புதிதாகக் கற்போர், படிப்படியாகப் போட்டுக் காட்டிய கணக்குகளை ஆராய்ந்தபோது, தனியே முட்டிமோதியவரைவிட விரைவாகத் தேறினர். முதலில் காட்டு; பிறகு பாதியைச் செய்யவிடு; பிறகு முழுதையும் விடு. தச்சுப் பட்டறையில் மேத்திரி செய்வது வேறென்ன?

இதையெல்லாம் ஆசிரியர்மேல் சுமத்திவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இருவர்! ஒருவர் விடுப்பெடுத்தால், ஒருவருக்குத் தேர்தல் வேலை வந்தால்? பிள்ளையின் மனத்தில் குடியிருக்கும் பழைய எண்ணத்தைத் துருவிக் கேட்க அவருக்கு ஏது பொழுது? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கை ஊதியக் கோரிக்கையைப் போலவே ஓங்கி ஒலிக்க வேண்டும்.

அதுவரை மாலைப் படிப்பகம் நடத்தும் இளைஞனே, உன்னிடம் பாயும் விளக்கும் கரும்பலகையும் இருந்தால் போதும். பிள்ளைகள் வந்தமர்ந்ததும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லாதே. மூடிவைக்கச் சொல். நேற்று நடந்ததில் நினைவுள்ளதை ஐந்து நிமிடம் எழுதட்டும், மதிப்பெண் போடாதே. பிறகு இருவர் இருவராக ஒருவருக்கொருவர் சொல்லட்டும். புதுப்பாடம் தொடங்குமுன், "இதைப்பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கடைசிப் பாயில் இருப்பவனைக் கேள். அவன் தவறாகச் சொன்னால் சிரிப்பவரை அடக்கி, அவன் சொன்னதை அப்படியே பலகையில் எழுது. ஒரு நேரத்தில் ஒரு புதுச்சொல். அதுவும் அவன் சந்தையிலோ வயலிலோ தொட்ட பொருளிலிருந்து. மூன்று நாள் கழித்து அதே கேள்வியைக் கேள். பத்து நாள் கழித்து மீண்டும் கேள். அப்போதும் ஒருவன் மறந்திருந்தால், உன் குறிப்பேட்டில் அவன் பெயரை எழுதாதே. அந்தப் பாடத்தின் பெயரை எழுதி, அடுத்த வாரம் வேறு வழியில் நடத்து.